சொல்லில்லாக் கேள்விகள் – 5: நான்கு கறுப்புக் கட்டைகள்

கடந்த வாரம்: பாரிஸ் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆல்ஃபிரெட் பினேவும் தியோடர் சிமோனும் 1905-இல் தயாரித்த கேள்வித் தொகுப்பு, கடல் தாண்டி அமெரிக்காவின் வைன்லாந்து ஊருக்கு வந்து சேர்ந்தது. அங்கே உளவியலாளராக இருந்த ஹென்றி கோடார்ட் 1908-இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு எழுதிய அந்தக் கேள்விகள் அடுத்ததாக யார் முன்னால் வைக்கப்பட்டன?

மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறியவர்களுக்குத் தெரியாது, தேர்வு அந்தப் படியிலேயே தொடங்கிவிட்டது என்று.

இடம் நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவு. 1892-இல் திறக்கப்பட்ட குடியேற்ற நிலையம். இத்தாலி, ரஷ்யா, ஹங்கேரி, போலந்து என்று ஐரோப்பாவின் மூலைமுடுக்குகளிலிருந்து கிளம்பியவர்கள் கப்பலின் அடித்தளத்தில் நெருக்கியடித்துப் பயணம் செய்து இங்கே வந்து இறங்கினார்கள். 1907-ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். அந்த ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஒரே நாளில் 11,747 பேர்.

அவர்கள் படியேறுவதை மருத்துவர்கள் நின்று பார்த்தார்கள். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் காலை இழுத்து நடக்கிறார், யார் முகத்தில் திகைப்பு தெரிகிறது? ஓர் ஆளுக்குச் சில விநாடிகள்தான். சந்தேகம் வந்தால் சட்டையின் மேல் சாக்குக் கட்டியால் ஓர் எழுத்து விழும். இதயக் கோளாறுக்கு 'எச்'. கண்நோய்க்கு 'இ'. கால் ஊனத்துக்கு 'எல்'.

எல்லோரும் அஞ்சிய குறி 'எக்ஸ்'. வலது தோளில் அந்தக் குறி விழுந்தால், இந்த ஆளின் புத்தியில் குறை இருக்கலாம் என்று பொருள். கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நழுவிய சிலரைப் பற்றிய கதைகள் அந்தத் தீவில் இன்றும் சொல்லப்படுகின்றன.

நழுவ முடியாதவர்களுக்கு என்ன காத்திருந்தது? 1907-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், 'மந்தபுத்தி உள்ளவர்' என்று மருத்துவர் சான்று கொடுத்தால் அந்த ஆளை நாட்டுக்குள் விடக் கூடாது என்றது. முன்பே கண்டுபிடித்திருக்கக் கூடிய குறையுள்ளவரை ஏற்றிவந்த கப்பல் நிறுவனத்துக்கு 100 டாலர் அபராதம். திருப்பி அனுப்பப்படுவது பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால், தாயோ தகப்பனோ கூடவே திரும்ப வேண்டும். அதற்கு மேற்பட்ட பிள்ளையானால் தனியாகவே அனுப்பிவிடுவார்கள். நிலத்தை விற்று, கடனை வாங்கி, அத்தனை தூரம் வந்த குடும்பம் அந்தக் கூடத்திலேயே இரண்டாகப் பிரியும்.

1907 முதல் 1910 வரை அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த ஓர் இளைஞர் இதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தார். பகலில் தீவில் வேலை, இரவில் சட்டப் படிப்பு. பெயர் ஃபியொரெல்லோ லா கார்டியா. பிற்காலத்தில் நியூயார்க் நகரத்தின் மேயராகப் புகழ்பெற்றவர் அவர்தான். மனநலக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அநியாயம் நடந்தது என்று தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதினார். இத்தாலியின் வடக்கு மலைகளிலிருந்து வந்த ஒரு சிறுமியை அவரால் மறக்க முடியவில்லை. அவளுடைய வட்டார வழக்கு அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை. கேள்வி புரியாமல் அவள் தயங்கினாள். அந்தத் தயக்கமே நோயின் அறிகுறியாகக் கருதப்பட்டு, கண்காணிப்புக்காக அவளை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

கேட்பவரின் மொழி தெரியாததற்கும் சிந்திக்க முடியாததற்கும் வேறுபாடு காணத் தெரியாத ஒரு நிலையம்! இந்தச் சூழலில், 1912-இல், பினேயின் கேள்விகளோடு தீவுக்கு வந்தார் கோடார்ட்.

*

கோடார்ட் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் அல்ல. மருத்துவர்கள் கண்பார்வையால் போடும் கணக்கைவிடத் தன் கேள்விகள் துல்லியமானவை என்று மனமார நம்பினார். வரிசையில் நின்றவர்களில் ஓர் இளைஞனைச் சுட்டிக்காட்டினார். மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு அவனிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. முடிவு: அவனுடைய மனவயது எட்டு, அதாவது எட்டு வயதுப் பிள்ளையின் அளவுக்கே அவன் பதில் சொன்னான்.

பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளருக்குப் பொறுக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் இந்த நாட்டுக்குக் குடியேறி வந்தவர். தான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தன்னாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்க முடியாது என்று அவர் சொன்னார். அந்த அறையில் அன்றைக்கு உண்மையைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் கோடார்ட் குழுவினர், பையனுக்குக் குறை இருப்பது நிஜம் என்று எடுத்துச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்திவிட்டார்கள். இதைக் கோடார்டே எழுதிவைத்திருக்கிறார்.

1913-இல் கோடார்ட் இரண்டு பெண் உதவியாளர்களைத் தீவுக்கு அனுப்பினார். இரண்டரை மாதம் சோதனைகள் நடந்தன. மூன்று நிமிடத்துக்குள் தோன்றும் சொற்களில் அறுபதைச் சொல்ல வேண்டும் என்பது கேள்விகளில் ஒன்று. இன்று என்ன தேதி என்பது இன்னொன்று. நாள்கணக்கில் கடலில் தள்ளாடி, வெளிச்சமில்லாத அடித்தளத்தில் படுத்துக் கிடந்து, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு குடியானவர், முன்பின் தெரியாத அதிகாரியின் எதிரே உட்கார்ந்து இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

அந்த முடிவுகளைக் கோடார்ட் 1917-இல் வெளியிட்டார். சோதிக்கப்பட்ட யூதர்களில் 83 சதவீதம், ஹங்கேரியர்களில் 80, இத்தாலியர்களில் 79, ரஷ்யர்களில் 87 சதவீதம் பேர் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த மனவயது உடையவர்கள், அதாவது மந்தபுத்தி உள்ளவர்கள்! சோதனைக்கு உட்பட்டவர்கள் மொத்தமே 35 யூதர்கள், 22 ஹங்கேரியர்கள், 50 இத்தாலியர்கள், 45 ரஷ்யர்கள். பத்தில் எட்டுப் பேருக்குப் புத்தி இல்லை என்று ஓர் அளவுகோல் சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவுகோலைத்தான்.

அந்தச் சந்தேகம் அதே தீவில், அதே கட்டடத்தில், ஓர் இளம் மருத்துவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

*

ஹோவர்ட் ஆண்ட்ரூ நாக்ஸ் 1912-இல் எல்லிஸ் தீவுக்கு வந்தபோது வயது 27. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் மருத்துவர். தோளில் 'எக்ஸ்' விழுந்தவர்களைச் சோதிக்கும் அறையில்தான் அவருக்கு வேலை. பொதுவாக நூறு பேரில் ஒன்பது பேருக்கு அந்தக் குறி விழும். அவர்களில் ஓரிருவரை மட்டும் விரிவான சோதனைக்காக நிறுத்திவைப்பார்கள். அந்த ஓரிருவரின் வாழ்க்கை நாக்ஸ் எழுதப்போகும் ஒரு தாளில் இருந்தது.

பினே கேள்விகளை அவரும் கேட்டுப் பார்த்தார். எந்தக் குறையும் இல்லாத, வயலில் உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, கணக்குப் பார்த்துக் கப்பல் கட்டணம் சேர்த்த மனிதர்கள் அதில் தோற்றார்கள். பள்ளியில் கற்றதைக் கேட்கும் கேள்வி, பள்ளிக்குப் போகாதவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறது. போதாததற்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் கேள்வியைச் சற்று நீட்டினால் விடை எளிதாகும், சுருக்கினால் கடினமாகும். யாருடைய புத்தியை அளக்கிறோம் என்பதே குழம்பிப் போகும்.

கேள்விகளின் கதி எப்படியிருந்தது என்பதற்குத் தீவின் வாய்மொழி வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. 1917-இல் போலந்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் பின்னாளில் நினைவுகூர்ந்தது அது. அவருடைய ஊரைச் சேர்ந்த இன்னொரு பெண்ணிடம், படிக்கட்டுகளைக் கழுவுவதானால் மேலிருந்து கீழே கழுவுவீர்களா, கீழிருந்து மேலே கழுவுவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். படிக்கட்டுக் கழுவ நான் அமெரிக்காவுக்கு வரவில்லை என்று பதில் சொல்லியிருக்கிறார் அந்தப் பெண். எந்த மதிப்பெண் பட்டியலிலும் இதற்கு இடம் கிடையாது. ஆனால் இதைவிடத் தெளிவான புத்தி வேறு என்ன இருக்க முடியும்?

நாக்ஸ் யோசித்தார். கேள்வியைச் சொல்லாமலே கேட்க முடியுமா? வாய் திறக்காமல் ஒரு மனிதரின் கவனத்தையும் நினைவையும் சிந்தனை ஓட்டத்தையும் பார்த்துவிட முடியுமா?

அவர் எடுத்தது மரக்கட்டைகளை.

ஓர் அங்குல அளவில், கறுப்பு நிறத்தில், நான்கு கனசதுரக் கட்டைகள். மேசைமேல் வரிசையாக, நான்கு அங்குல இடைவெளியில் அவற்றை வைத்தார். அவற்றைவிடச் சிறியதாக ஐந்தாவது ஒன்று அவர் கையில். சிறிய கட்டையால் முதல் கட்டையை ஒரு தட்டு. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நிதானமாக, சீரான வேகத்தில். தட்டி முடித்ததும் சிறிய கட்டையை எதிரே இருப்பவரின் முன்னால் வைத்துவிட்டுச் சைகை காட்டுவார். நீங்கள் செய்யுங்கள்!

எந்த நாட்டு விவசாயிக்கும் இது விளங்கும். அவரும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டுவார். விதி புரிந்துவிட்டது. இனி கொஞ்சம் கடினம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மூன்று. அடுத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இரண்டு. பிறகு வரிசையே உடையும்: ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு. கடைசியாக ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு, மூன்று, ஒன்று.

பார்ப்பதற்கு இது சிறுபிள்ளை விளையாட்டு. உள்ளே நடப்பது விளையாட்டல்ல. கண் ஒவ்வொரு தட்டையும் பிடிக்க வேண்டும். மனம் அதைச் சில விநாடிகள் வரிசை குலையாமல் தாங்க வேண்டும். பழகிய ஒன்று–இரண்டு–மூன்று என்ற போக்குக்குள் கை வழுக்கிவிடாமல் அடக்க வேண்டும். பிறகு பார்த்ததைச் செயலாக்க வேண்டும். இத்தனைக்கும் எழுத்து வேண்டாம், பள்ளி வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம். வெறும் இடமும் வரிசையும் வைத்து மனத்தின் வேலையைப் பார்க்கலாம் என்று அந்த மேசை காட்டியது. இன்றைய உளவியல் கூடங்களில் கட்டைகளைத் தொட்டுக் காட்டி இடநினைவைச் சோதிக்கும் முறைகளுக்கு மூதாதை இந்த ஐந்து கட்டைகள்தான்.

நாக்ஸ் அதோடு நிற்கவில்லை. சக மருத்துவர் குரோவர் கெம்ப்ஃபுடன் சேர்ந்து, பக்கவாட்டில் தெரியும் ஒரு மனிதத் தலையை மரத்தில் செய்தார். கண், மூக்கு, வாய், காது எல்லாம் தனித்தனித் துண்டுகள். பொருத்தி முகமாக்க வேண்டும். பெர்னார்டு குளூக் என்ற மருத்துவர் கப்பல் படமொன்றைத் துண்டுகளாக வெட்டிச் சேர்க்கச் சொன்னார். வெவ்வேறு வடிவக் குழிகளில் அதற்கேற்ற கட்டைகளைப் பொருத்தும் பலகைகளும் அறைக்கு வந்தன. 1915 ஜனவரியில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் நாக்ஸ் இவற்றைப் பற்றி எழுதினார்.

கட்டைகளைவிட அவர் வகுத்த நெறிகள் என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. அறை அமைதியாகவும் இதமான வெப்பத்தோடும் இருக்க வேண்டும். தேர்வுக்கு வருபவர் பசியோடோ களைப்போடோ இருக்கக் கூடாது. கூட்டம் சுற்றி நிற்கக் கூடாது. சோதிப்பவர் கனிவாக நடந்துகொள்ள வேண்டும். பயந்துபோன மனிதரின் புத்தியை யாராலும் அளக்க முடியாது என்பதை அந்த இளம் மருத்துவர் அறிந்திருந்தார். இன்று ஒரு பிள்ளையைச் சோதனைக்கு உட்கார வைக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய நெறிகள் இவை.

சரி, நாக்ஸ் தீவின் கதவைத் திறந்துவிட்டாரா?

*

இல்லை. அவரை மகானாக்கிவிட வேண்டாம். புத்திக்குறை பரம்பரையாக வருவது, அது நாட்டுக்கு ஆபத்து, அப்படிப்பட்டவர்களைத் தடுத்து நிறுத்துவது தன் கடமை என்று அந்தக் காலத்து அறிவாளிகள் பலரையும் போல அவரும் நம்பினார். அவர் தேடியது தவறில்லாத சல்லடை. சல்லடையே தேவையா என்று அவர் கேட்கவில்லை. 1913, 1914 ஆண்டுகளில் மந்தபுத்தி என்ற பேரில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 1913-இல் 350 சதவீதமும் 1914-இல் 570 சதவீதமும் கூடுதல் என்று கோடார்ட் பெருமிதத்தோடு கணக்குக் காட்டினார். கேள்வி நியாயமானதாக மாறினாலும் தீர்ப்பெழுதும் சட்டம் மாறவில்லை. நல்ல தேர்வும் கொடிய சட்டத்தின் கையில் கருவியாகும் என்பதை எல்லிஸ் தீவு நமக்குச் சொல்கிறது.

தீவின் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சிக்கலும் அந்தச் சோதனை அறைக்குள்ளேயே இருந்தது.

மருத்துவர்கள் ஒரு படத்தைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது என்று கேட்பதுண்டு. குழந்தைகள் சிலர் கூடியிருக்கிறார்கள். செத்த முயல் ஒன்று கிடக்கிறது. அதைப் புதைக்கப் போகிறார்கள். செல்லமாக வளர்த்த முயலுக்கு இறுதி மரியாதை. அமெரிக்க நகரத்துப் பிள்ளை ஒரு பார்வையில் சொல்லிவிடும். ஐரோப்பிய கிராமத்துக் குடியானவருக்கோ முயல் என்றால் சாப்பாடு. உணவுக்குரிய பிராணியை மண்ணில் புதைத்துக் கண்ணீர் விடுவார்கள் என்று அவர் எப்படி ஊகிப்பார்? படத்தின் பொருள் பலருக்குப் பிடிபடவில்லை.

யூஜின் முல்லன் என்ற மருத்துவர் எழுத்தறியாத குடியேறிகளைச் சோதித்தபோது, வைர வடிவத்தைப் பார்த்து வரையச் சொன்னார். கோணல்மாணலாகக் கோடுகள் வந்தன. அவர்களில் எத்தனையோ பேர் அன்றுதான் வாழ்வில் முதன்முறையாகப் பென்சிலைப் பிடித்தார்கள். மண்வெட்டியும் அரிவாளும் பழகிய கை, பென்சிலைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துப் புத்தியை எடை போடலாமா?

இந்த இடத்தில்தான் நம் தொடரின் மையக் கேள்வி முழு உருவம் பெறுகிறது. தேர்விலிருந்து சொல்லை எடுத்துவிடலாம். சொல்லோடு சேர்ந்து ஒரு வாழ்க்கை முறையும் வெளியே போய்விடுமா? படத்தில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. பென்சிலில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. தேர்வைத் தயாரிப்பவர் தன் வீட்டில் கண்டதை எல்லோரும் கண்டிருப்பார்கள் என்று எண்ணிவிடுகிறார். எண்ணுவது அவர், தண்டனை பெறுவது எதிரே இருப்பவர். நாக்ஸின் நான்கு கட்டைகளில் இந்த ஒட்டுதல் மிகக் குறைவு. அதனால்தான் அவை நூறாண்டு தாண்டியும் மதிக்கப்படுகின்றன.

இந்தப் பாடத்தைத் தீவு கற்றுக்கொள்ளும் முன்பே உலகம் தீப்பற்றியது. 1914-இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. கப்பல்கள் குறைந்தன, கூடங்கள் வெறிச்சோடின. 1916-இல் நாக்ஸ் வேலையை விட்டு விலகினார். நியூஜெர்சியில் சாதாரண மருத்துவராக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்து, 1949-இல் மறைந்தார்.

அவர் போனார். கட்டைகள் போகவில்லை.

*

1917 ஏப்ரல் 6. அமெரிக்கா போரில் இறங்கியது. கட்டாய ஆள்சேர்ப்பில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முகாம்களுக்கு வரப்போகிறார்கள். யாரை அதிகாரியாக்குவது, யாரைப் பீரங்கிக்கு அனுப்புவது, யாரைத் திருப்பி அனுப்புவது? தங்களால் சொல்ல முடியும் என்று முன்வந்தார்கள் உளவியலாளர்கள். மே 28 அன்று ஏழு பேர் ஓரிடத்தில் கூடினார்கள். தலைவர் ராபர்ட் யெர்க்ஸ். கூடிய இடம் வைன்லாந்து. வரவேற்று உபசரித்தவர் கோடார்ட்.

சில வாரங்களில் 'ஆல்ஃபா' தயாரானது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கான எழுத்துத் தேர்வு. முகாம்களிலோ நான்கில் ஒருவருக்கு அதைப் படிக்கவே முடியவில்லை. தென்மாநிலங்களின் கறுப்பின விவசாயிகள், மலைவாசிகள், எல்லிஸ் தீவின் படிகளில் ஏறி உள்ளே வந்த அதே குடியேறிகள். அவர்களுக்காக உருவானது 'பீட்டா'. சொல்லே இல்லாத தேர்வு. தனித்தனியாக உட்காரவைத்துச் சோதிக்கும் ராணுவத் தொகுப்பில் நாக்ஸின் கட்டைகளும் மரமுகமும் இடம்பிடித்தன. ஆனால் லட்சக்கணக்கானவர்களை மேசைக்கு எதிரே ஒவ்வொருவராக உட்காரவைக்க நேரம் ஏது? பீட்டா கூட்டமாக நடத்தப்பட்டது.

நெரிசலான ஒரு கூடத்தை நினைத்துப் பாருங்கள். தரையிலும் பலகைகளிலும் இளைஞர்கள். எதிரே கரும்பலகை. ஒருவர் உத்தரவு போடுகிறார், இன்னொருவர் ஊமை நாடகம்போல் செய்து காட்டுகிறார். ஆறாவது சோதனை வருகிறது. இருபது படங்கள், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று குறைகிறது. குறைவதை வரைய வேண்டும். நேரம் மூன்று நிமிடம்.

சிசிலியின் வயலிலிருந்து வந்த ஓர் இளைஞனின் பார்வை ஒரு படத்தில் வந்து நிற்கிறது. கோடுகள் கிழித்த தரை. கையில் மட்டையோடு மனிதர்கள். டென்னிஸ் ஆட்டம். நடுவே வலை இல்லை. அப்படியோர் ஆட்டம் உலகில் இருக்கிறது என்பதையே அவன் அறியான்.

ஏறத்தாழ 17 லட்சம் பேரின் மதிப்பெண்கள் மூட்டை மூட்டையாகச் சேரப்போகின்றன. அவற்றை வைத்து ஒருவர் புத்தகம் எழுதப்போகிறார். அந்தப் புத்தகத்தை மேற்கோள் காட்டி ஒரு நாடே தன் கதவைச் சாத்தப்போகிறது. யார் அவர்? பின்னாளில் தன் முடிவுகளைத் தானே கிழித்தெறிந்தது ஏன்?

(தொடரும்)